டர்பன் தமிழரின் பழைய பெட்டிகள்: காப்பாற்றப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலோ அதன் புறநகரான சாட்ஸ்வொர்த்திலோ ஒரு பழைய வீடு கைமாறும்போது கராஜ் மூலையிலிருந்து ஒரு தகரப் பெட்டி வெளியே வருகிறது. திறந்தால் கூத்து நோட்டு, தமிழ்ப் பள்ளி ஆண்டு மலர், கிரே தெரு ஷாஜகான் தியேட்டரின் பட நோட்டீஸ், ஒன்றிரண்டு 16 எம்எம் ரீல்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தூக்கிப்போட மனம் வராமல் தமிழ்ச் சங்கத்தில் யாருக்காவது ஃபோன் போடுகிறார்கள். அப்போது ஓடிப் போகிறவர்கள், வார வேலை முடிந்து சனி ஞாயிறைக் கொடுக்கும் தொண்டர்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். இந்த வேலையில் ஈரத்தையும் பூச்சியையும்விட அதிகம் அழிப்பது ஒன்று உண்டு: எல்லாம் ஒரே ஆளின் தலையில், ஒரே ஆளின் வீட்டில், ஒரே ஆளின் பெயரில் இருப்பது. கீழே வரும் தவறுகளில் சில அதிலிருந்து பிறந்தவைதான்.

முதல் தவறு, பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு கதையை விட்டுவிட்டு வருவது. இது யாருடையது, எந்த வீட்டில் இருந்தது, இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று அங்கேயே உட்கார்ந்து கேளுங்கள். டர்பனில் நம் மக்கள் வாழ்ந்த மேகசின் பேரக்ஸ், கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து, ஒவ்வோர் இனத்தையும் தனித்தனிப் பகுதியில் குடியமர்த்திய 1950ஆம் ஆண்டின் இனவாரிப் பகுதிச் சட்டம் நம் குடும்பங்களைப் பெயர்த்தெடுத்தபோது, கையில் எடுத்துவர முடிந்தது கொஞ்சம்தான். அந்த அவசரத்திலும் ஒருவர் இதை விடாமல் தூக்கிவந்தார் என்றால், ஏன் என்று சொல்லக்கூடிய ஆள் இன்னும் அந்த வீட்டில் இருக்கலாம். ஃபோனில் பதிவு செய்யுங்கள். ஆனால் கேட்டு, சம்மதம் வாங்கிச் செய்யுங்கள். உயிரோடு இருப்பவர்களின் சொந்த விவரங்களுக்கு இந்த நாட்டில் சட்டப் பாதுகாப்பு உண்டு.

கூடவே ஒரு பக்கக் கடிதம் வேண்டும். நன்கொடையா, ஸ்கேன் செய்து திருப்பித் தருவதா, யாரெல்லாம் பார்க்கலாம் என்பதை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். “நம்ம ஆளுங்கதானே” என்று இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் தம்பி வந்து “அப்பா நோட்டை யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்?” என்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

பட்டியல் போடும்போது பெயரை ஒரே விதமாக எழுதிவிடுவது அடுத்தது. கப்பல் பதிவில் ஒரு எழுத்துக்கூட்டு, திருமணச் சான்றில் வேறொன்று, புத்தக அட்டையில் தமிழில் மூன்றாவது. கவுண்டர் கோவெண்டர் ஆகியிருப்பார், முதலியார் மூட்லி ஆகியிருப்பார். எல்லா வடிவங்களையும் பதியுங்கள். தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் பதியுங்கள். 1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து வந்த ஒன்றரை லட்சம் பேருக்கும் ஒவ்வோர் எண் இருந்தது. குடும்பத்துக்கு அந்த கலோனியல் நம்பர் தெரிந்தால் அதையும் சேருங்கள். பெயர் குழம்பினாலும் அது குழம்பாது.

இனிக் காகிதம். இங்கே ‘சிக்ஸ் ஃபுட்’ என்று வழங்கும் தெருக்கூத்தின் நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோடுபோட்ட கணக்கு நோட்டில் மை பேனாவால் எழுதியது. முதுகு பிரிந்திருக்கும். ஓரத்தில் பென்சிலால், யார் எந்த வேடம், எந்த இடத்தில் பாட்டு நிற்கும் என்ற குறிப்புகள். அச்சான நூலில் இல்லாதவை இந்த ஓரக் குறிப்புகள்தான். இந்த ஊரில் கூத்து எப்படி ஆடப்பட்டது என்பதற்குச் சாட்சி அவைதான். தொண்டர் செய்யும் முதல் காரியம் என்ன? கிழிசலில் செலோடேப் ஒட்டுகிறார். சில ஆண்டுகளில் அதன் பசை பழுப்பேறிக் காகிதத்துக்குள் இறங்கும், நாடா உதிர்ந்துவிடும், கறை நிற்கும். இன்னும் ஆர்வமுள்ளவர் லேமினேட் செய்துவிடுகிறார். அதைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. ஓரத்தை ‘சுத்தமாக’ வெட்டுகிறவர்களும் உண்டு. அதைக் கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஒட்டுவது, வெட்டுவது என்று ஒன்றும் செய்யாதீர்கள். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, ரப்பர் பேண்டையும் துருப்பிடித்த கிளிப்பையும் எடுத்துவிட்டு, அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, அதே தரமுள்ள அட்டைப் பெட்டியில் படுக்க வையுங்கள். டர்பனின் கடற்காற்றில் கராஜும் கூரையடியும் பூஞ்சைக்கு வரவேற்பு. வீட்டின் நடுவறையில், வெளிச்சுவரில் ஒட்டாத அலமாரி போதும்.

ரீல்களில் நடக்கும் தவறு இன்னும் கொடியது, ஏனென்றால் அது ஆசையால் நடப்பது. ஒரு பழைய புரொஜெக்டர் கிடைத்துவிடும். “ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போமே” என்பார்கள். வயதான படச்சுருள் சுருங்கியிருக்கும், ஓரத் துளைகள் புரொஜெக்டரின் பற்களோடு பொருந்தாது. அந்த ஒரு தடவையிலேயே கிழிந்துபோகும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிட்டேட் படச்சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ஆவி பக்கத்து ரீல்களையும் கெடுக்கும், ஆகவே உடனே தனியே பிரியுங்கள். எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க ஏ-டி ஸ்டிரிப் என்ற சோதனைத் தாள் உண்டு. நீலம் பச்சையாகி மஞ்சளானால் காத்திருக்க நேரமில்லை. சிதைவை நிறுத்த முடியாது, குளிரிலும் குறைந்த ஈரத்திலும் வைத்து மெதுவாக்கத்தான் முடியும். 35 எம்எம் சுருள், அதுவும் 1950களின் தொடக்கத்துக்கு முந்தியது என்றால் நைட்ரேட்டாக இருக்கலாம். அது தீப்பிடித்தால் தண்ணீருக்கும் அணையாது. வீட்டில் வைக்காதீர்கள், பிரிட்டோரியாவில் உள்ள தேசியத் திரைப்பட, வீடியோ, ஒலி ஆவணக் காப்பகத்தில் பேசுங்கள்.

எதை முதலில் காப்பது என்பதிலும் தவறுகிறோம். மெட்ராசில் எடுத்த படத்தின் பிரதி கிடைத்தால் கொண்டாடுகிறோம். அதே பெட்டியில் இருக்கும் யாரோ ஒருவரின் கல்யாணச் சுருளைத் தள்ளிவைக்கிறோம். கல்யாணச் சுருளுக்கு உலகில் வேறு பிரதியே இருக்காது. நான் அதைத்தான் முதலில் எடுப்பேன். அதற்காகப் படப் பிரதியை விட்டுவிடவும் கூடாது. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமே இன்று யாரிடமும் இல்லை. 1939இல் திறந்த அவலான் முதல் கிரே தெரு வட்டாரத் திரையரங்குகள் பல பத்தாண்டுகள் இந்தியப் படங்களை ஓட்டின. தமிழ்நாட்டில் தொலைந்தது இங்கே ஒரு கராஜில் இருக்க வாய்ப்புண்டு.

ஆனால் ரீல் கையில் இருப்பதாலேயே உரிமை நமக்கு வந்துவிடாது. தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்துக்கு ஆசிரியர் இறந்தபின் 50 ஆண்டு. படத்துக்கு வெளியானதிலிருந்து 50 ஆண்டு. இந்தியாவில் இரண்டுக்கும் 60. இங்கே காலம் முடிந்த படத்தை இணையத்தில் ஏற்றினால் அது சென்னையிலும் திறக்கும், அங்கே காலம் முடியாமல் இருக்கலாம். சந்தேகமானால் ஏற்றாமல், ஆய்வாளர் நேரில் வந்து பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் பற்றிச் சுருக்கமாக: வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய படம் ஆவணமல்ல, அது தெளிவைச் சுருக்கிவிடும். ஸ்கேனின் மூலக் கோப்பைத் தெளிவு குறையாத டிஃப் (TIFF) வடிவில் வையுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். கணக்கும் கடவுச்சொல்லும் செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கக் கூடாது. ஸ்கேன் முடிந்ததும் மூலக் காகிதத்தைத் தூக்கிப்போடவே கூடாது.

நீங்கள் ஏதாவது அச்சிட்டால், சிறு மலராக இருந்தாலும், சட்டப்படி சேர வேண்டிய நூலகங்களுக்கு அனுப்புங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர நூலகம் அவற்றில் ஒன்று. உங்கள் அலமாரி காலியான பிறகும் அங்கே ஒரு பிரதி இருக்கும்.

பணத்தில் ஒரு எச்சரிக்கை. லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவது ஒன்று, சார்ஸ் என்ற தென்னாப்பிரிக்க வரித்துறை தரும் வரிவிலக்கு வேறொன்று, கொடுப்பவருக்கு வரிக்கழிவு தரும் 18ஏ ரசீது மூன்றாவது. முதல் இரண்டும் கிடைத்ததால் மூன்றாவதும் உண்டு என்று நன்கொடையாளரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பதிவுக்கு எழுதும் விதிமுறையில், அமைப்பைக் கலைத்தால் மீந்த சொத்து இதே நோக்கமுள்ள மற்றொரு லாபநோக்கற்ற அமைப்புக்குப் போக வேண்டும் என்ற விதி இருந்தாக வேண்டும். பலர் மாதிரிப் படிவத்தில் இருப்பதை அப்படியே நகலெடுத்து, எந்த அமைப்பு என்று யோசிக்காமல் விடுகிறார்கள். பிள்ளைகள் வெளிநாடு போகிறார்கள், நமக்கும் வயதாகிறது. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழக வெஸ்ட்வில் வளாகத்தின் காந்தி–லுதூலி ஆவண மையம் போன்ற ஓர் இடத்தோடு இப்போதே பேசி, எதை எடுத்துக்கொள்வார்கள், எந்த வடிவில் பட்டியல் கேட்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதத்தின் நகல் பெட்டிகளோடு ஒன்றும், செயற்குழுவின் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றும் இருக்கட்டும்.