சாய்தளம் கேட்டு மனு எழுதுவது எப்படி? முதலில் டேப்பை எடுங்கள்

சித்தப்பா பக்கவாதம் வந்து சக்கர நாற்காலிக்கு மாறிய பிறகுதான் எங்கள் பேரூராட்சி அலுவலகத்துக்கு எத்தனை படி என்று எண்ணிப் பார்த்தேன். மூன்று. பக்கத்தில் சாய்தளமும் உண்டு. வீட்டு வரி பெயர் மாற்றத்துக்குப் போன அன்று நானும் தம்பியும் அதில் தள்ளினோம். பாதியில் நாற்காலி பின்னால் சாய்ந்துவிட்டது. “அவர எதுக்குங்க கூட்டிட்டு வந்தீங்க, கையெழுத்த வெளியவே வாங்கிக்கலாமுங்களே” என்றார் உள்ளே இருந்தவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும், தறி ஓட்டி வருஷம் தவறாமல் வரி கட்டிய மனுஷன் வேப்பமரத்தடியில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

முதல் மனுவை ‘முதல்வரின் முகவரி’ என்ற அரசு மனுப் பிரிவில் போட்டேன். “மாற்றுத்திறனாளிகள் ஏறச் சிரமமாக உள்ளது” என்று ஒரு பக்கத்துக்கு உருக்கம். சில வாரத்தில் பதில்: “சாய்தளம் உள்ளது. மனு முடிக்கப்பட்டது.” அதில் பொய் ஒன்றும் இல்லை. அளவு எதையும் எழுதாமல் கோட்டை விட்டது நான்தான்.

அளவு

இங்கேதான் நிதானமாக இருக்க வேண்டும். தரையிலிருந்து வாசல் மட்டம் வரை உயரம் எவ்வளவோ, அதைப் போல குறைந்தது 12 மடங்கு நீளம் சாய்தளத்துக்கு வேண்டும். எங்கள் அலுவலகத்தில் உயரம் 1.5 அடி; அப்படியானால் 18 அடி நீளம் இருக்க வேண்டும். இருந்தது 6 அடி. சிமெண்ட் மூட்டை ஏற்றக்கூட யோசிக்கிற சரிவு. அகலத்தையும், இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போனில் அளக்கும் ஆப் வேண்டாம். எனக்கு அது ஒரே இடத்தை மூன்று விதமாகக் காட்டியது. கொத்தனார் வைத்திருக்கும் டேப்பும், தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற டியூப்பும் போதும். டேப்பை விரித்த நிலையில் ஒரு போட்டோ, நாற்காலி நிற்கும் இடத்திலிருந்து ஒரு போட்டோ.

மனு

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் நேரில் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஒரு நகல். உள்ளே மூன்றே விஷயம்: அளவு, என்ன வேண்டும், எந்தச் சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 45: ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் வந்த ஐந்து வருஷத்துக்குள் எல்லோரும் புழங்கும்படி மாற்ற வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது.

இழுத்தால்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு. “ஏன் கட்டவில்லை” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. அந்தச் சாய்தளத்தின் எம்-புக், அதாவது கட்டிய வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகலைக் கேளுங்கள். எத்தனை அடி அளந்து பில் போட்டார்கள் என்பது அதில்தான் இருக்கும். 30 நாள் கெடு. எனக்கு நகல் வருமுன்னே ஆள் வந்து அளந்து போனார்கள்!

அதற்கும் அசையாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். அவர் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையை அந்த அலுவலகம் மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். எனக்கு அதுவரை போகவில்லை.

பின்னால் சேர்த்தது

“18 அடிக்கு வாசலில் இடமே இல்லைங்க” என்று பவானிப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். நேராகத்தான் போக வேண்டும் என்றில்லை. நடுவில் நாற்காலி திரும்புகிற அளவு சமதளம் விட்டு மடக்கலாம்; எங்கள் ஊரிலும் அப்படித்தான் கட்டினார்கள். இன்னொருவர் சரிவின் மேலேயே டேப் வைத்து அளந்திருக்கிறார். நீளத்தைத் தரையோடு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு கொஞ்சம் கூடிவிடும்.

புதுச் சாய்தளத்தில் சித்தப்பா போன வாரம் தம்பி ஒருவனே தள்ள, ஏறிவிட்டார். அதற்கு முன் அடிவாரத்தில் நிறுத்தியிருந்த நாலு பைக்கை நகர்த்த வேண்டியிருந்தது. அடுத்த மனு அதற்குத்தான்.