ஆடி முழுக்கத் தண்ணீர்: நண்பர்களோடு ஒரு மாத வாசிப்புக்குத் திட்டமிடுவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஏழு பேர், ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் ஒரே மாதத்தில் மறுபடி வாசித்துவிடுவது என்று கிளம்பினோம். கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியதை முப்பது நாளில் விழுங்கப் பார்த்த பேராசை. முதல் பாகம் முடிவதற்குள் மூன்று பேர் காணாமல் போனார்கள். இரண்டாம் பாகத்தின்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்கள் வரத் தொடங்கின. ஒரு வாசிப்புக் குழு உயிரை விட்டுவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி கிடையாது.

அதன் பிறகு திட்டத்தைச் சிறிதாக்கினோம். இப்போது ஆண்டுக்கு ஒரு மாதம், ஒரு பொருள், கையடக்கமான மூன்று நாவல்கள், கொஞ்சம் பழம்பாடல். மூன்றில் குறைந்தது இரண்டு நாவல்கள் ஏற்கெனவே வாசித்தவையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஒரே சட்டம். ஆடி மாதத்தில் தண்ணீரைப் பொருளாக வைத்து நாங்கள் போட்ட திட்டத்தையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். நீங்கள் வேறு மாதம், வேறு பொருள் வைத்துக்கொள்ளலாம்.

படி 1: ஆள் சேருங்கள், ஆனால் குறைவாக

நான்கு முதல் ஆறு பேர் போதும். எட்டைத் தாண்டினால் பேசுகிறவர்கள் மூன்று பேர், மற்றவர்கள் தலையாட்டுகிறவர்கள் என்று ஆகிவிடும். எல்லோரும் தீவிர வாசகர்களாக இருக்க வேண்டியதில்லை. பள்ளியோடு புத்தகத்தை விட்டவர் ஒருவராவது இருந்தால் நல்லது. மற்றவர்கள் கேட்க வெட்கப்படும் கேள்வியை அவர்தான் கேட்பார்.

படி 2: கையால் தொடக்கூடிய பொருளாகத் தேர்ந்தெடுங்கள்

அன்பு, சமூகம், பெண்ணியம் போன்ற பெரிய சொற்களைத் தலைப்பாக வைத்தால் எந்த நாவலும் அதில் அடங்கிவிடும்; பேச்சும் பட்டிமன்றமாகிவிடும். வீடு, ரயில், சாப்பாடு, கடிதம், மழை என்று கண்ணுக்குத் தெரிகிற பொருளாக இருக்கட்டும். வாசிக்கும்போது அந்தப் பொருள் வருகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட முடிந்தால் அது நல்ல தலைப்பு.

தண்ணீரை நாங்கள் ஆடிக்கு வைத்ததற்குக் காரணம் ஆடிப்பெருக்கு. மாதம் ஜூலை நடுவில் பிறக்கிறது. பதினெட்டாம் நாள் ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்துவிடும். நடுவில் ஒரு திருநாள் இருந்தால் தளர்ந்துபோன குழு அன்றைக்கு ஒரு முறை நிமிர்ந்து உட்காரும்.

படி 3: பட்டியல் போடுங்கள்

பெரும்பாலான திட்டங்கள் கவிழ்வது இங்கேதான். ஆசைப்பட்டதையெல்லாம் எழுதி, பிறகு பாதியை அடித்துவிடுங்கள். எங்கள் பட்டியலில் எஞ்சியவை இவை.

முதல் வாரத்துக்கு அசோகமித்திரனின் ‘தண்ணீர்’, மறுவாசிப்பாக. சிறிய நாவல், குழாய் வறண்ட சென்னைத் தெரு. இரண்டாம் வாரத்தில் தொடங்கி மூன்றாம் வாரம் பாதி வரை வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’. 1977இல் வந்தது, எங்களில் பலருக்குப் புதியது. வல்லம் என்கிற நாட்டுப்படகில் மீன்பிடிக்கிறவர்களும் லாஞ்சு என்கிற விசைப்படகு வைத்திருப்பவர்களும் மோதிக்கொள்ளும் மணப்பாட்டுக் கடற்கரை. கடைசி வாரத்துக்கு தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’, மறுபடியும் மறுவாசிப்பு. 1966இல் வந்த இந்த நாவலைத் தண்ணீரோடு எப்படிச் சேர்க்கலாம் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். அப்பு வேதம் படிக்கிற பாடசாலை காவிரிக் கரையில் இருக்கிறது என்று சொல்லிச் சேர்த்துவிட்டேன். கொஞ்சம் இழுத்துக்கட்டிய காரணம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பழம்பாடல்களைத் தனி வாரமாக வைக்காதீர்கள். யாரும் வாசிக்க மாட்டார்கள். நாவலுக்கு ஊறுகாய் மாதிரி தினமும் கொஞ்சம் தொட்டுக்கொள்ள வேண்டும். திருக்குறளின் வான்சிறப்பில் பத்துக் குறள். முதல் பத்து நாளுக்கு நாளொன்றாக அது சரியாகப் போய்விடும். பிறகு குறுந்தொகை 40, புறநானூறு 18, 192. புறநானூறு 18இல் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம், பெயர் நிற்க வேண்டுமானால் நீரைத் தேக்கி வை என்கிறார். 192ஆம் பாட்டின் முதல் அடி, ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’, எல்லோருக்கும் மனப்பாடம். அந்த அடியோடு நின்றுவிடுகிறவர்களுக்கு, பாட்டின் நடுவே மலையாற்றில் அடித்துச் செல்லப்படும் மிதவை ஒன்று இருப்பது தெரியாது.

படி 4: பக்கத்தை எண்ணுங்கள்

மூன்று நாவல்களும் சேர்த்து, பதிப்புக்குப் பதிப்பு மாறினாலும், ஏறத்தாழ 500 பக்கம். மாதத்தில் வாசிப்புக்கு 25 நாள் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 20 பக்கம் வருகிறது. மீதி நாட்கள் கல்யாணம், காய்ச்சல், அலுவலகத்தில் வருடக் கணக்கு முடிப்பு ஆகியவற்றுக்கு. அந்த நாட்களையும் வாசிப்பில் சேர்த்துக் கணக்குப் போட்டதால்தான் நாங்கள் முதல் முறை மூழ்கினோம்.

20 பக்கம் உங்களுக்கு எவ்வளவு நேரம் என்று முன்பே ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள். செய்தித்தாள் மட்டும் வாசித்துப் பழகிய கண்ணுக்கு நாவல் மெதுவாகத்தான் ஓடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் நாவல் ஒன்றைக் குறைத்துவிடுங்கள், நாட்களைக் கூட்டாதீர்கள்.

படி 5: புத்தகங்களை மாதம் பிறப்பதற்கு முன் கையில் வைத்திருங்கள்

மூன்று நாவல்களும் அச்சில் கிடைக்கின்றன. வாங்க முடியாதவர்களுக்கு மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. சென்னையில் கன்னிமாராவும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் உண்டு. சங்கப் பாடல்களும் குறளும், தமிழ் நூல்களை மின்வடிவில் தருகிற மதுரைத் திட்டத்தின் (Project Madurai) இணையதளத்தில் இலவசம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை என்பதால் அவற்றையும் தயங்காமல் இறக்கிக்கொள்ளலாம்.

ஆளுக்கொரு பதிப்பு வைத்திருப்பீர்கள். ஆகவே “72ஆம் பக்கம் வரை” என்று இலக்கு வைக்காதீர்கள், அத்தியாயத்தைச் சொல்லுங்கள்.

படி 6: மறுவாசிப்புக்கு முன் ஒரு அட்டை எழுதுங்கள்

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். ஏற்கெனவே வாசித்த நாவலைத் திறப்பதற்கு முன், அதில் நினைவிருப்பதை ஒரு அஞ்சலட்டை அளவுத் தாளில் எழுதுங்கள். யாரையும் கேட்கக் கூடாது, பின்னட்டையையும் பார்க்கக் கூடாது. எழுதி நாவலின் கடைசிப் பக்கத்தில் செருகிவிடுங்கள். முடிக்கும்போது அதுவே உங்களை வந்து சந்திக்கும்.

‘தண்ணீர்’ பற்றி என் அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: “ஜமுனா. சினிமா ஆசை. பாஸ்கர் ராவ் என்கிற அயோக்கியன். தங்கை சாயா. தெருவெல்லாம் தோண்டிக் கிடக்கும். குடம், குடம், குடம்.” கல்லூரியில் வாசித்தபோது ஜமுனாவுக்காகக் கோபப்பட்டது நினைவிருந்தது. டீச்சரம்மா என்று ஒருத்தி இருந்ததே நினைவில் இல்லை. நோயாளிக் கணவன், மாமியார், பள்ளிக்கூட வேலை, இவற்றுக்கு நடுவே தண்ணீருக்கும் ஓடுகிற அந்தப் பெண் இம்முறை முழு நாவலையும் எடுத்துக்கொண்டுவிட்டாள். புத்தகம் மாறவில்லை. நான் இடையில் இருபது ஆண்டு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

‘அம்மா வந்தா’ளுக்கும் இதே மாதிரி ஒரு வேலை கொடுக்கிறேன். முதல் வாசிப்பில் எல்லோரும் அப்புவின் அம்மா அலங்காரத்தம்மாளையே பார்த்துக்கொண்டிருப்போம். இரண்டாம் முறை அவள் கணவர் தண்டபாணியின் பின்னால் போங்கள். தெரிந்தும் அவர் பேசாமல் விடுகிற இடங்களில் மட்டும் கோடு போடுங்கள். நாவல் வேறொன்றாகத் தெரியும்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு அட்டை கிடையாது. அவர்கள் ‘கடல்புரத்தி’லின் முதல் சில பக்கங்களை வாய்விட்டு வாசிக்க வேண்டும். கண்ணுக்குத் தடுக்கும் கடற்கரைப் பேச்சு காதுக்குத் தடுக்காது. ஒரு தோழி தன் மாமியாருக்கு வாசித்துக் காட்டப்போய், கடைசியில் மாமியார்தான் எங்களில் முதலில் முடித்தார்.

படி 7: வாரம் ஒரு முறை கூடுங்கள்

ஞாயிறு மாலை, ஒன்றரை மணி நேரம், யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடி. வெளியூரில் இருப்பவரை வீடியோவில் சேர்த்துக்கொள்ளலாம். கதைச் சுருக்கம் சொல்ல யாருக்கும் அனுமதி இல்லை. ஆளுக்கு ஒரு பத்தியை எடுத்து வாசித்து, ஏன் அதை எடுத்தீர்கள் என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். பேச்சு தானாகக் கிளம்பும்.

பாடலுக்கு ஒரு முறை இருக்கிறது. உரையை மூடி வையுங்கள். பாடலை மூன்று முறை வெவ்வேறு ஆள் வாசியுங்கள். பிறகு அதில் வருகிற பொருளை நேரில் பார்த்தவர் யார் என்று கேளுங்கள். குறுந்தொகை 40 ஐந்தே அடி. எழுதியவர் பெயர் தெரியாததால், செம்மண்ணில் பெய்த மழைநீர் என்ற அவருடைய உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். நகரத்திலேயே வளர்ந்த நாங்கள் இரு நெஞ்சம் கலந்தது என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். புதுக்கோட்டைப் பக்கத்து நண்பர் மட்டும் சிரித்தார். “எங்கள் ஊர்க் கண்மாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ராத்திரி முழுக்க வைத்தாலும் மண் அடியில் தங்கும், நிறம் தண்ணீரிலேயே நிற்கும்” என்றார். அன்று மாலை வேறு எதையும் நாங்கள் பேசவில்லை.

படி 8: பதினெட்டாம் நாளை வேறு மாதிரி வையுங்கள்

எங்களைத் தோற்கடித்த புத்தகத்துக்கு இங்கே இடம் கொடுத்தோம். ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவது ஆடிப்பெருக்கு அன்றுதான்; வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக் கரையில் குதிரையில் வருகிறான். அந்த முதல் அத்தியாயத்தை மட்டும் சித்ரான்னத்தோடு உட்கார்ந்து மாறி மாறி வாசியுங்கள். மறுநாள் இரண்டாம் அத்தியாயத்துக்குப் போகக் கை பரபரக்கும். போகாதீர்கள், அடுத்த நாவல் காத்திருக்கிறது.

அந்த ஏரியின் இன்றைய பெயர் வீராணம். 2004 முதல் குழாய் வழியே சென்னைக்குக் குடிநீர் அனுப்புகிற அதே ஏரி. முதல் வாரத்தில் ஜமுனாவின் தெருவில் குடத்தோடு நின்றுவிட்டு வந்த நாங்கள், வந்தியத்தேவன் பார்த்த தண்ணீர் அந்த ஊருக்குத்தான் போகிறது என்று தெரிந்தபோது சற்று நேரம் சும்மா இருந்தோம். இதை யாரும் திட்டமிடவில்லை. ஒரே பொருளைச் சுற்றிச் சுற்றி வாசித்தால் இப்படி ஏதாவது ஒன்று வந்து மாட்டும்.

படி 9: பின்தங்கியவரைத் துரத்தாதீர்கள்

மூன்றாம் வாரத்தில் ஒருவராவது பின்தங்குவார். “எத்தனை பக்கம் ஆயிற்று?” என்று பொதுக் குழுவில் கேட்டால் அவர் அடுத்த ஞாயிறு வரமாட்டார். விட்ட நாவலை அப்படியே விட்டுவிட்டு நடப்பு நாவலுக்குத் தாவிவிடச் சொல்லுங்கள். நான் ஒரு முறை ‘கடல்புரத்தி’லை நாற்பது பக்கத்தோடு விட்டேன், மாதம் முடிந்து ஒரு பஸ் பயணத்தில் முடித்தேன்.

கடைசி ஞாயிறு வாசிப்பு கிடையாது. கோமல் சுவாமிநாதனின் நாடகத்திலிருந்து கே. பாலசந்தர் 1981இல் எடுத்த ‘தண்ணீர் தண்ணீர்’ படத்தைச் சேர்ந்து பாருங்கள். படம் முடிந்ததும் அவரவர் அட்டையை எடுத்து உரக்க வாசிக்க வேண்டும். போன முறை ஒருவர், ‘அம்மா வந்தா’ளின் முடிவு என்று தன் அட்டையில் முழுக்க வேறொரு நாவலின் முடிவை எழுதி வைத்திருந்தார். அது எந்த நாவல் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை; அடுத்த ஆண்டுப் பட்டியல் அதைத் தேடுவதிலிருந்துதான் தொடங்குகிறது.