நெடுந்தூரச் சவாரி: குதிரையின் மூச்சை மட்டும் நம்பாதீர்கள்

முதல் வாரம் சின்ன மேடு ஏறவே மூச்சு வாங்கிய குதிரை, மூன்று மாதம் ஒழுங்காகப் பழக்கினால் அதே மேட்டைத் தாண்டி இன்னும் போகலாம் என்று கடிவாளத்தை இழுக்கும். பார்க்க ஆசையாக இருக்கும். பெரும்பாலான கால் காயங்களுக்கு விதை விழுவது இந்தச் சமயத்தில்தான். இதயமும் ரத்த ஓட்டமும் முதலில் தேறுகின்றன. தசைக்கு மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். தசைநாண்களும் மூட்டைக் கட்டி நிறுத்தும் நார்களும் உறுதிப்பட ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். எலும்புக்கு அதற்கும் மேல், இரண்டு மூன்று வருடம்கூட ஆகலாம். ஆக, மூச்சு தயார் என்று சொல்லும் குதிரையின் கால் இன்னும் பாதி வழியில்தான் இருக்கும்.

கலிபோர்னியாவில் 1955இல் வெண்டல் ராபி தொடங்கிவைத்த டெவிஸ் கப் சவாரியில், சியரா நெவாடா மலைகளைக் கடந்து ஆபர்ன் ஊர் வரை 160 கிலோமீட்டரை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆறு வயது நிரம்பாத குதிரைக்கு அங்கே அனுமதி இல்லை. முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு வளரும் மென்மையான முனைகள்) மூடவே ஐந்தரை, ஆறு வயதாகிவிடும் என்பதை நினைத்தால் அந்த விதியின் நியாயம் புரியும். அப்படியும் புறப்படும் குதிரைகளில் ஏறக்குறைய பாதிதான் முடிக்கின்றன. நடுவழியில் நிற்பவற்றில் பலவும் நொண்டல் காரணமாக நிறுத்தப்படுபவை.

வேகம், தூரம், ஏற்றம் மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். முதலில் தூரம், அதுவும் பெரும்பாலும் நடையில். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூடினால் போதும். பிறகு மேடு, கடைசியில் வேகம். வாரத்துக்கு மூன்று நான்கு நாள் சவாரி போதுமானது. தசையும் எலும்பும் தம்மைச் சரிசெய்துகொள்வது ஓய்வு நாளில்தான். கடினமான நெடுஞ்சவாரி முடிந்தால் 16 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் ஓய்வு என்பது அனுபவசாலிகள் வைத்திருக்கும் கணக்கு. இறக்கத்தில் வேகமாக விடுவதை நான் எப்போதும் எதிர்ப்பேன். முன்னங்கால்களை அதிகம் அடிப்பது ஏற்றமல்ல, இறக்கம்தான். முடிந்தவரை இறங்கி, கூடவே நடந்துவிடுங்கள்.

அடுத்த தவறு, நாடித்துடிப்பைப் பார்க்காமல் 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று முடிவு செய்வது. ஓய்வில் இருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 தடவை துடிக்கும். நெடுந்தூரப் போட்டிகளில், கால்நடை மருத்துவர்கள் குதிரையைப் பரிசோதிக்கும் சாவடிக்கு வந்த அரை மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் 64க்கோ அதற்குக் கீழோ இறங்கியாக வேண்டும். வீட்டுப் பயிற்சியிலும் இதைப் பழக்கமாக்கலாம். நின்றதும் துடிப்பை எண்ணுங்கள். துள்ளோட்டமாக (நடைக்கு அடுத்த வேகத்தில்) 38 மீட்டர் போய்த் திரும்பி வரச் செய்யுங்கள். ஓட ஆரம்பித்து ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ணுங்கள். முன்பைவிட நான்கு துடிப்போ அதற்கு மேலோ கூடியிருந்தால் குதிரை களைத்திருக்கிறது, அல்லது எங்கோ வலிக்கிறது. அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்வதே சரி.

தண்ணீர் விஷயத்தில் பழைய நம்பிக்கைகள் இன்னும் குதிரைகளைக் கஷ்டப்படுத்துகின்றன. வெயிலில் உழைக்கும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 முதல் 15 லிட்டர் வியர்வையை இழக்கக்கூடும். நம் வியர்வை ரத்தத்தைவிட உப்பு குறைந்தது. குதிரையின் வியர்வையில் ரத்தத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ உப்பு இருக்கும். தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் ரத்தத்தில் உப்பின் செறிவு ஏறாது, தாகமும் எழாது. உடல் வற்றிப்போன குதிரை தொட்டியின் முன்னால் சும்மா நிற்பது இதனால்தான். 'சூடாக இருக்கிறது, தண்ணீர் காட்டாதே' என்று தடுப்பது இந்த நிலையில் பெரிய கொடுமை. வழியில் தண்ணீர் தென்படும் இடத்திலெல்லாம் நிறுத்திக் குடிக்கவிடுங்கள். நெடுஞ்சவாரிக்குப் பழகும் நாட்களிலேயே உப்புக் கலவையைத் தீவனத்தோடு சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்குங்கள். ஆனால் குடிக்காமல் நிற்கும் குதிரையின் வாயில் கெட்டியான உப்புக் கரைசலைப் பீய்ச்சக் கூடாது. அது உடலில் மிச்சமிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும்.

சூடான உடம்பில் குளிர்ந்த நீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்பதும் அப்படித்தான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன் நடந்த ஆய்வுகளே இந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று காட்டிவிட்டன. உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரைத் தொடர்ந்து ஊற்றுங்கள்.

தீவனத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஓய்வு நாளிலும் வழக்கமான அளவு ஓட்ஸோ கொள்ளோ வைத்துவிட்டு மறுநாள் வேலைக்கு ஏற்றினால், சில குதிரைகளுக்குத் தொடையும் புட்டமும் கல்லாக இறுகிவிடும். வியர்க்கும், நடக்க மறுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். நடக்கவைத்தால் சரியாகும் என்று இழுக்காதீர்கள். அங்கேயே நிறுத்திக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஓய்வு நாளில் தானியத்தைக் குறைத்து உலர்புல்லைத் தாராளமாகக் கொடுங்கள். குடலில் இருக்கும் நார் நீரைப் பிடித்துவைத்திருந்து, நெடுஞ்சவாரியில் கைகொடுக்கும்.

சேணம் ஒருமுறை பொருந்தினால் என்றைக்கும் பொருந்தும் என்று விட்டுவிடுகிறோம். பயிற்சியில் முதுகின் வடிவமே மாறும், ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். சேணத்தை எடுத்ததும் வியர்வைக்கு நடுவே உலர்ந்த திட்டு தெரிந்தால், அங்கே அழுத்தம் அதிகமா என்று சோதியுங்கள். சவாரி செய்பவரும் தன் உடம்பைத் தயார்செய்ய வேண்டும். களைத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும் ஆளை 50 கிலோமீட்டர் சுமப்பது குதிரையின் முதுகுதான்.

நீண்ட சவாரிக்கு மறுநாள் காலை, தீவனம் வைப்பதற்கு முன்பே லாயத்துக்குப் போங்கள். முழங்காலுக்குக் கீழே பின்புறமாக, நான்கு கால்களிலும் உள்ளங்கையை மெதுவாக இறக்கிப் பாருங்கள். ஒரு காலில் மட்டும் சூடோ வீக்கமோ தெரிகிறதா? கட்டாந்தரையில் பத்து அடி நடக்கவைத்தால் தலையை ஏற்றி இறக்குகிறதா? அப்படியென்றால் இந்த வாரச் சவாரித் திட்டத்தை எடுத்து வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.