மூன்று ஒயர் பிடி 100 சென்சாரைப் பொருத்துவது எப்படி?

பிடி 100 (Pt100) என்பது வெப்பநிலையை அளக்கும் பிளாட்டினம் சென்சார். 0 டிகிரி செல்சியஸில் அதன் மின்தடை 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். டிகிரிக்கு 0.39 ஓம்தான் ஏறுகிறது. ஆகவே வழியில் அரை ஓம் கூடினாலே அளவு ஒரு டிகிரிக்கு மேல் பிசகிவிடும். டிஸ்ப்ளே தப்பாகக் காட்டினால் சென்சாரை மாற்ற ஓடாதீர்கள். முதலில் ஒயரையும் இணைப்புகளையும் பாருங்கள்.

1. பொருத்துமுன் சோதனை
மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்து, இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அளவிலும் அதைக் கழிக்க வேண்டும். இரண்டு சிவப்பு ஒயர்களுக்கு இடையே மிகக் குறைந்த தடைதான் இருக்கும். அது ஒயரின் தடை மட்டுமே. சிவப்புக்கும் வெள்ளைக்கும் இடையே, 30 டிகிரி அறையில், ஏறக்குறைய 111.7 ஓம் வர வேண்டும்.

2. தெர்மோவெல்லில் இறக்குதல்
தெர்மோவெல் என்பது சென்சாரைச் செருகும், அடி மூடிய உலோகக் குழாய். சென்சாரின் நுனி அதன் அடியைத் தொட வேண்டும். இடையில் காற்று நின்றால் வெப்பம் மெதுவாகத்தான் வந்து சேரும்.

3. ஒயரிங்
இரண்டு சிவப்பும் ஒரே பக்கம், வெள்ளை மறுபக்கம். டெர்மினல் எண்களை, டிஸ்ப்ளே உள்ள கருவியில் ஒட்டியுள்ள படத்தில் பாருங்கள். மூன்று ஒயரும் ஒரே தடிமன், ஒரே நீளமாக இருப்பது கட்டாயம். மூன்றின் தடையும் சமம் என்று வைத்துத்தான் கருவி கேபிளின் தடையைக் கழிக்கிறது. இரண்டே ஒயரில் இழுத்தால் இந்தக் கழித்தல் நடக்காது: 0.5 சதுர மி.மீ. செம்புக் கேபிள் 20 மீட்டர் போனாலே, போக வர 1.4 ஓம், அதாவது மூன்றரை டிகிரி கூடுதலாகக் காட்டும்.

4. செட்டிங்
கருவியின் இன்புட் வகையைப் பிடி 100 என மாற்றுங்கள். பல கருவிகள் தெர்மோகப்பிள் என்ற வேறு வகை வெப்பநிலை சென்சாருக்கும் சேர்த்தே வருகின்றன. இதை மறப்பவர்கள் ஏராளம்.

5. தவறு வந்தால்
டிஸ்ப்ளே உச்சத்தில் நின்றால் பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கும். அடியில் நின்றால் ஷார்ட். அளவு துள்ளினால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா பாருங்கள். கவனிக்க வேண்டியது, உண்மையைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும் அளவு. சென்சார் தலைப்பெட்டியின் மூடியைத் திறந்தால் டெர்மினலில் நீர்த்துளிகளோ பச்சை பூத்த செம்போ தெரியலாம். ஈரம் வழியே கசியும் மின்னோட்டம் சென்சாருக்கு இணையாகப் போவதால் மொத்தத் தடை குறைகிறது. துடைத்து உலர்த்தி, கேபிள் நுழையும் கிளாண்டை இறுக்குங்கள். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் புதிது போடாமல் மூடாதீர்கள்.

சென்சாரா, கேபிளா என்று பிரித்தறிய, சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த டெர்மினல்களிலேயே 0.1 சதவீதத் துல்லியமுள்ள 100 ஓம் ரெசிஸ்டரை மாட்டுங்கள். டிஸ்ப்ளே 0 டிகிரியை ஒட்டிக் காட்டினால் கேபிளும் கருவியும் சரி. அப்போது சென்சாரை மாற்றலாம்.