இனிப்பு வில்லையைக் குப்பையில் போடுவதற்கு முன்

2023 ஜூலையில் "அஸ்பார்டேம் சாப்பிட்டால் புற்றுநோய்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அஸ்பார்டேம் என்பது சீனிக்குப் பதிலாகப் போடும் ஒரு செயற்கை இனிப்பு. பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் அம்மா அன்றைக்கே தேத்தண்ணிக்குப் போடும் இனிப்பு வில்லை டப்பாவைத் தூக்கி வீசிவிட்டு, மறுநாள் காலையில் இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடித்தார். அவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இந்தக் கூத்து உங்கள் வீட்டிலும் நடக்க வேண்டாம்.

முதலில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எல்லா செயற்கை இனிப்பும் ஒன்றல்ல, ஆளுக்கொரு கதை. பொருள் பட்டியலில் இருக்கும் எண் 951 என்றால் அஸ்பார்டேம், 950 அசிசல்ஃபேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா. ஒன்றின்மேல் வந்த புகாரை இன்னொன்றின் தலையில் கட்டக்கூடாது, அதே மாதிரி ஒன்றுக்குக் கிடைத்த நல்ல பெயரும் மற்றதைக் காப்பாற்றாது. இதில் மூத்தது சாக்கரின், 1879-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது என்று 1970-களில் அமெரிக்காவில் பெரிய ரகளை, டப்பாவிலேயே எச்சரிக்கை அச்சடிக்க வைத்தார்கள். அப்புறம்தான் எலியின் சிறுநீரில் நடக்கும் அந்தக் கோளாறு மனிதனுக்கு அப்படியே நடப்பதில்லை என்று தெரிந்து, 2000-ல் அந்த எச்சரிக்கையை எடுத்தார்கள்.

அடுத்தது கணக்கு. இதைப் போடாமல்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அஸ்பார்டேமை 2பி பிரிவில், அதாவது "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற பட்டியலில், வைத்தது உண்மைதான். ஆனால் அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு பலமானது என்பதைத்தான் சொல்லும், எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்பதைச் சொல்லாது. ஆசிய முறையில் ஊறப்போட்ட காய்கறியும் அதே 2பி-யில்தான் இருக்கிறது. நம் பாசாரில் தொங்கும் சீன முறை கருவாடோ "புற்றுநோய் உண்டாக்கும்" என்று உறுதியான முதல் பிரிவிலேயே இருக்கிறது, அதைப் பற்றி எந்த சித்தியும் செய்தி அனுப்பியதில்லை. அதே நாளில் அதே நிறுவனத்தின் இன்னொரு நிபுணர் குழு, நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை போகலாம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. அம்மாவின் எடை 55 கிலோ. 55-ஐ 40-ஆல் பெருக்கினால் 2,200 மில்லிகிராம். சீனி இல்லாத குளிர்பானம் ஒரு டின்னில் 200 முதல் 300 வரை இருக்கும், தேத்தண்ணியில் போடும் சின்னப் பாக்கெட்டில் சுமார் 40. அப்படியென்றால் அந்த வரம்பைத் தொட அம்மா ஒரே நாளில் 55 பாக்கெட் போட வேண்டும். உங்கள் எடையை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது, அவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

சரி, அதற்காக வாளி வாளியாகக் குடிக்கலாமா? எதற்காகக் குடிக்கிறீர்கள் என்று பாருங்கள். எடை குறைக்க இவற்றை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் அதே நிறுவனம் ஆலோசனை சொன்னது. ஏற்கெனவே இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றும் சேர்த்தே சொன்னது. அந்த இரண்டாவது பாதி எந்த வாட்ஸ்அப்பிலும் வராது. இதில் ஒரு சிக்கலும் உண்டு: எடை ஏறியவர்கள்தானே இந்தப் பானங்களுக்கு மாறுகிறார்கள், அதனால் பானத்தால் எடை ஏறியதா, எடை ஏறியதால் பானத்துக்கு வந்தார்களா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இன்னும் முடியாத விஷயங்களும் இருக்கின்றன. 2022-ல் இஸ்ரேலில் 120 பேரை வைத்து இரண்டு வாரம் நடத்திய ஆய்வில், சாக்கரினும் சுக்ரலோஸும் எடுத்தவர்களுக்குச் சர்க்கரையை உடல் கையாளும் விதமே மாறியது, ஆளுக்கு ஆள் வேறு வேறு அளவில். அதனால் ஆரோக்கியமான பிள்ளைக்கு இதைப் பழக்கிவிடத் தேவையில்லை என்பது என் கட்சி. பச்சைத் தண்ணீர் போதும்.

ஆனால் மாமாக் கடையில் நடப்பதுதான் பெரிய வேடிக்கை. தே தாரேக் (ஆற்றிய பால் தேத்தண்ணி) வாங்கி, "அண்ணே, சீனி வேண்டாம்" என்று சொல்லி, பையிலிருந்து வில்லையை எடுத்துப் போடுவார்கள். கிளாஸின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு இனிப்பு டின் பால்! அதில் ஏறக்குறைய பாதி சீனிதான். தே சி கோசோங் (சீனி போடாத டின் பால் தேத்தண்ணி, இனிப்பில்லாத பாலில்) கேளுங்கள், அல்லது தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாதது), அதில் வில்லையைப் போட்டால் அர்த்தம் இருக்கிறது. குலா மெலாக்காவும் (தென்னை வெல்லம்) தேனும் கருப்பட்டியும் "இயற்கை" என்று சொல்லி ஏமாற வேண்டாம், ரத்தத்தில் போய்ச் சேர்ந்தால் எல்லாம் சீனிதான். "சீனி இல்லாத" பிஸ்கட்டும் அப்படித்தான், உள்ளே இருப்பது மாவு. அப்புறம், அஸ்பார்டேமைப் பாயசத்தில் போட்டுக் கொதிக்கவிட்டால் இனிப்பு போய்விடும், இறக்கி ஆறவைத்துப் போடுங்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். போன வருடம் பட்டர்வொர்த்திலிருந்து திரும்பும்போது காடியிலேயே அம்மாவுக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறியது. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறார். தம்பி பதறிப்போய் கையிலிருந்த டின்னைத் திறந்து கொடுத்தான். அது சீனி இல்லாத வகை. மடக் மடக்கென்று குடித்தார், நடுக்கம் நிற்கவே இல்லை. ரத்தச் சர்க்கரை அளவு 4 mmol/L-க்குக் கீழே இறங்கும்போது நிஜச் சீனிதான் காப்பாற்றும்: மூன்று நான்கு தேக்கரண்டியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள், பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பச் சோதியுங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை, ஏறியதும் சாப்பிட ஏதாவது. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸுக்கு 999-ஐ அழையுங்கள். இப்போது எங்கள் காடியில் கியர் பக்கத்துக் குழியில் வில்லை டப்பாவும் கிடக்கிறது, கூடவே பத்துப் பாக்கெட் சீனியும்.