ஊர் நாடகக் குழுவுக்கு நான்கு சனிக்கிழமைப் பட்டறை: முதல்முறை நடத்துபவர்களுக்கு

திருகோணமலையில் நாடகத்துக்கு ஆளில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படித்துவிட்டுக் கடையில் வேலை செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தேவாலயத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகம் ஆடியவர்கள், கோயில் திருவிழாவில் வேடம் கட்டிய அண்ணாமார், வீதி நாடகம் செய்து பார்த்த இளைஞர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். இவர்கள் ஒன்றாகக் கூடிப் பயிலும் இடம்தான் இல்லை. அந்த இடத்தை நீங்களே உண்டாக்கலாம். அதற்கான வழியை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். நடிகர்களுக்கு ஒரு பட்டறை, ஏற்பாட்டாளர்களுக்கு வேறொரு கூட்டம் என்று பிரிக்காதீர்கள். கிழக்கின் கூத்து மரபைப் பாருங்கள். சட்டம், அதாவது பாடி ஆடவேண்டிய பகுதியை, ஆடுபவர்களிடம் கொடுத்த நாளிலிருந்து சதங்கை அணிந்து அரங்கேற்றம் முடியும்வரை கூத்துப் பழக்கும் அண்ணாவியார், ஆடுபவர்கள், மத்தளக்காரர், பிற்பாட்டுக்காரர், சல்லாரி என்னும் கைத்தாளம் போடும் பையன் எல்லோரும் ஆடுகளமான ஒரே களரியில்தான் நிற்பார்கள். மாதக்கணக்கில் அப்படி நின்றால் ஒருவர் வேலை மற்றவருக்கும் விளங்கிவிடும். 1978இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியும் மேடைக்கு முன் பயிற்சி என்பதைத்தான் வலியுறுத்தியது. நமக்கு மாதங்கள் கிடைக்காது, நான்கு சனிக்கிழமைகள் கிடைக்கும். அது போதும்.

படி 1: ஆட்கள், நாள், இடம்

பதினாறு பேர் நல்ல கணக்கு. இரண்டிரண்டாக, நான்கு நான்காகப் பிரிக்கலாம். அதில் நால்வராவது மேடையேற விரும்பாமல் பின்னால் நின்று வேலை செய்ய ஆசைப்படுபவர்களாக இருக்கட்டும். இருபதைத் தாண்டினால் ஒவ்வொருவரையும் கவனிக்க உங்களால் முடியாது.

மாசி முதல் சித்திரை வரையான மாதங்கள் எனக்குப் பிடித்தவை. கார்த்திகை, மார்கழியில் மழை. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று அனலாக வீசும், வெளியில் நின்று குரல் பயிற்சி செய்யவே முடியாது. நோன்பு மாதம் எப்போது வருகிறது என்றும் பாருங்கள், கிண்ணியா, மூதூர் ஆட்கள் வருவதானால் இது முக்கியம். காலை 8.30 முதல் 12.30 வரை வைத்தால் வெயில் ஏறுமுன் உடற்பயிற்சி முடியும், தூரத்து ஆட்கள் பகல் பஸ்ஸைப் பிடிக்கலாம். ரியூசன் நேரத்தை ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பொதுவாக அறிவித்துவிட்டு வருவார்கள் என்று நம்பக் கூடாது.

சனசமூக நிலையமோ பொதுநோக்கு மண்டபமோ போதும். மேடை தேவையில்லை. வெறும் நிலம், பாய்கள், குடிதண்ணீர், பூட்டக்கூடிய மலசலகூடம். கடைசியாகச் சொன்னது இல்லாத இடத்துக்குப் பெண் பிள்ளைகளின் அம்மாமார் அனுப்ப மாட்டார்கள். அவர்கள் செய்வது சரி.

படி 2: முதல் ஒரு மணி நேரம்

பல வருடங்களுக்கு முன் நான் ஏற்பாடு செய்த முதல் பட்டறையில் கதிரைகளை வரிசையாகப் போட்டேன். பயிற்சி தர வந்த வளவாளர் மத்தியானம்வரை பேசினார். இருபத்தைந்து பேர் குறிப்பெடுத்தார்கள், பின்னேரம் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். பிழை என்னுடையது, கதிரை போட்டால் பேச்சுத்தான் நடக்கும்.

அதனால் கதிரைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு எல்லோரையும் வட்டமாக நிறுத்துங்கள், நீங்களும் நில்லுங்கள். ஒருவர் தன் பெயரை ஓர் அசைவோடு சொல்லட்டும். மற்றவர்கள் அதே குரலில், அதே அசைவோடு திருப்பிச் சொல்லட்டும். சேர், மிஸ் என்ற அழைப்பை அன்றைக்கு விட்டுவிட்டு அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சி போதும் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது தாளம். “தா தெய்யத் தா” என்று ஒருவர் கைதட்டி வட்டத்தில் அனுப்ப, அடுத்தவர் வேகம் மாறாமல் வாங்கிக் கொடுக்க வேண்டும். யார் அவசரப்படுகிறார், யார் மற்றவரைக் கேட்கிறார் என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். வேகத்தைப் பிடித்து வைத்திருப்பவரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேடை முகாமையாளரைத் தேடும்போது உதவும்.

படி 3: குரல்

புதியவர்கள் குரல் என்றால் கத்துவது என்று நினைக்கிறார்கள், இரண்டாம் நாளே தொண்டை கட்டிவிடும். பாயில் மல்லாக்காகப் படுக்க வைத்து வயிற்றில் கை வைக்கச் சொல்லுங்கள். மூச்சு உள்ளே போகும்போது கை உயர வேண்டும், தோள் உயரக் கூடாது. பிறகு “ஸ்ஸ்” என்ற ஒலியோடு மூச்சை மெதுவாக விடட்டும். முதல் வாரம் பத்து விநாடி வந்தால் நல்லது, நான்காவது வாரம் இருபது வரலாம். பிறகு வாயை மூடி “ம்ம்” என்று முனகல், அதற்குப் பின்தான் சொற்கள்.

உச்சரிப்புக்கு வெளியில் எங்கும் போக வேண்டாம், நம் மொழியிலேயே பயிற்சி இருக்கிறது. கலை, களை, கழை. மரம், மறம். வாலை, வாளை, வாழை. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு இரகசியம் சொல்லும் குரலில். இரகசியக் குரலில் சொல்லும்போதும் பதினைந்து அடிக்கு அப்பால் நிற்பவருக்குச் சொல் தெளிவாக விளங்கினால் அவர் மேடைக்குத் தயார்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் டச்சுக் குடாக் கடற்கரைக்குப் போங்கள். இருவர் இருபது அடி இடைவெளியில் நின்று அலைச் சத்தத்துக்கு மேலால் கதைக்கட்டும். கத்தினால் சத்தம் மட்டும்தான் கேட்கும். உயிரெழுத்தை நீட்டி, மெய்யெழுத்தை அழுத்திச் சொன்னால் வார்த்தை போய்ச் சேரும். மண்டபத்துக்குள் இதை எவ்வளவு சொன்னாலும் ஏறாது. கடல் அரைமணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடும்.

படி 4: உடலால் கதை சொல்லுதல்

நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, இரண்டு நிமிடத்தில் ஓர் உறைநிலைக் காட்சி செய்யச் சொல்லுங்கள். மீன் ஏலம், ஆஸ்பத்திரி வரிசை, பரீட்சை முடிவு வந்த வீடு, இப்படித் தெரிந்த இடங்கள். பேச்சில்லை, அசைவில்லை. நீங்கள் ஒருவர் தோளைத் தொட்டதும் அவர் அந்தப் பாத்திரத்தின் மனதில் ஓடுவதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். பிறகு பார்ப்பவர்களிடம் கேளுங்கள்: இந்தக் காட்சியில் எதை மாற்றினால் பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் கிடைக்கும்? அவர்களே எழுந்து வந்து மாற்றட்டும். பிரேசில் நாட்டு நாடகவியலாளர் அகஸ்தோ போவால் (1931–2009) வளர்த்தெடுத்த முறை இது. பார்ப்பவரையும் செயலுக்குள் இழுப்பதால் நம்மைப் போன்ற ஊர்க் குழுக்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

குழுவில் சிங்களம் மட்டும் தெரிந்தவர்கள் இருந்தால் “பொருளில்லா மொழி” விளையாட்டை வையுங்கள். இருவர் எந்த மொழியிலும் இல்லாத ஒலிகளால் சண்டை பிடித்து, சமாதானமாக வேண்டும். நான் பார்த்த பட்டறைகளில் இதைப் போல ஆட்களை விரைவாக நெருங்க வைத்த பயிற்சி வேறில்லை.

படி 5: சொந்தக் கதைகளை எடுக்கும்போது

இதை நிதானமாக வாசியுங்கள். நம் மாவட்டத்தில் யுத்தம் தொடாத வீடு குறைவு. 2004 டிசம்பர் 26 கடல் கொண்டுபோனவர்களின் உறவுகள் உங்கள் வட்டத்திலேயே நிற்கலாம். “உங்கள் வாழ்க்கையின் மிகப் பெரிய துயரத்தை நடியுங்கள்” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். கண்ணீர் வந்ததால் பயிற்சி வெற்றி என்று நினைப்பது பெரும் தவறு. அந்தப் பிள்ளை இரவில் தனியே வீட்டில் இருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கப் போவதில்லை.

நான் மூன்று விதிகள் வைத்திருக்கிறேன். “இல்லை” என்று சொன்னால் காரணம் கேட்கக் கூடாது. கதை சொன்னவர் தன் கதையில் தானே நடிப்பதில்லை, பெயரும் ஊரும் மாற்றி வேறொருவர் நடிக்க வேண்டும். மேடைக்குப் போவதற்கு முன் கதை சொன்னவரிடம் மறுபடி சம்மதம் கேட்க வேண்டும், அவர் அப்போது மனம் மாறினால் காட்சி கைவிடப்படும். முதல் பட்டறைக்குச் சின்னக் கதைகளே நல்லது: முதல் சம்பளம், தொலைந்த குடை, ஆச்சியின் கோபம்.

படி 6: பின்னால் நிற்பவர்களின் வேலை

மூன்றாம் சனிக்கிழமையை இதற்கே கொடுங்கள். நடிகர்களும் உட்காரட்டும்.

மேடைப் பிரதி தயாரிப்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு பக்கம் வசனம், எதிர்ப்பக்கம் வெறுமை. அந்த வெறும் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: யார் எங்கிருந்து வருகிறார், எந்தச் சொல்லோடு வெளிச்சம் மாறுகிறது, குடம் யார் கையில். பேனா வேண்டாம், ஒத்திகையில் எல்லாம் மாறும்.

பட்டறைக்குப் பிறகு ஊருக்கு முன் நாடகம் போடும் நாளையும் இப்போதே திட்டமிடுங்கள். அதன் வரவுசெலவில் மண்டபம், ஒலி, வான் கூலி, உடை, தேநீர், அச்சு என்று எழுதிவிட்டு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராததற்கு ஒதுக்குங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி முன்கூட்டியே எடுக்க வேண்டும். 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த கட்டளையின்படி பொதுவாக இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி பாவிக்க முடியாது, எனவே நாடகத்தை மாலை ஆறரைக்குத் தொடங்குங்கள். பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரை இப்போதே போய்ச் சந்தியுங்கள். பிரதிக்கு என்ன அனுமதி வேண்டும், குழுவை எப்படிப் பதிவது என்பதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம் கரன்ட் போகும் ஒத்திகை. யன்னல்களை முன்பே மூடிவைத்துவிட்டு, காட்சி நடக்கும்போது அறிவிக்காமல் விளக்கை அணையுங்கள். நடிகர்கள் குரலை விடாமல் தொடர வேண்டும். ஒருவர் டோர்ச்சை எடுக்க, ஒருவர் வாசலைத் திறக்க, ஒருவர் சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் போக வேண்டும். யார் எதைச் செய்வது என்று அந்த இருட்டிலேயே கண்டுபிடிப்பார்கள். நடிகரும் ஏற்பாட்டாளரும் ஒருவரையொருவர் மதிக்கத் தொடங்குவதை நான் அங்கேதான் பார்த்திருக்கிறேன்.

படி 7: நான்காம் சனிக்கிழமை

வீட்டு ஆட்கள் இருபது பேரைக் கூப்பிட்டு, பத்து நிமிடத் துண்டு இரண்டை ஆற்றுகை செய்யுங்கள். பிரதம விருந்தினர் வேண்டாம், மாலை வேண்டாம். முடிந்ததும் பார்த்தவர்களிடம் “நல்லா இருந்ததா?” என்று கேட்காதீர்கள். “என்ன கண்டீர்கள்? எந்த இடத்தில் விளங்கவில்லை?” என்று கேளுங்கள். ஓர் அம்மா “அவன் ஏன் அந்தக் குடத்தை வைத்துவிட்டுப் போனான்?” என்று கேட்டால், அந்தக் கேள்வியை மேடைப் பிரதியின் வெறும் பக்கத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஒத்திகை அதிலிருந்து தொடங்கும்.

பாய்களைச் சுருட்டும்போதே அடுத்த சனிக்கிழமை மண்டபத் திறப்பை யார் வாங்குவது என்று கேளுங்கள். கை உயர்த்துபவரின் பெயரைக் கொப்பியில் எழுதிவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.