ஊழியப் பயணத்துக்குச் சார்ட் வேண்டாம், வேட்டி போதும்

வெளிநாட்டுப் பள்ளியில் ஊழியம் செய்யப் போகிறவர்கள் பாட்டையும் பைபிள் வசனத்தையும் சார்ட்டில் எழுதாமல், பழைய நாலு முழ வேட்டியில் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதிக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்போதே சார்ட் கசங்கிவிடும். துணியோ மடித்தால் ஒரு சட்டை அளவுதான். கரண்ட் இல்லாத வகுப்பிலும் கயிற்றில் தொங்கவிட்டால் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் தெரியும். எழுதுமுன் கஞ்சி போட்டு இஸ்திரி போடுங்கள், இல்லாவிட்டால் மை பரவும். பாலியஸ்டர் கலந்த வேட்டி சரிவராது. நம்மூர் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வகுப்புகளுக்கும் இது நல்லது.

பாலியஸ்டர் கலந்த வேட்டி சரிவராது. நேபாளத்தில் பிறரை மதம் மாற்றுவது சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட இடங்களில் வசனத் துணியை வீட்டிலேயே வைத்துவிட்டு, எண்ணும் எழுத்தும் எழுதிய துணியை மட்டும் கொண்டுபோங்கள். எதைத் தொங்கவிடலாம் என்று தலைமை ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.